காக்ளியர் இம்ப்ளான்ட்: எலக்ட்ரோடு உட்காரும் இடமும் கேட்கும் திறனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேளாதோருக்கு உள்காதில் வைக்கும் மின்கருவி) ஆபரேஷனுக்குப் பிறகு, மேப்பிங்குக்கு (கருவியின் மின் அளவுகளைக் காதுக்கு ஏற்பச் சரிசெய்வதற்கு) வரும்போது கேட்கும் கேள்விகள் இவை. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்ற ஒரு வார்த்தையோடுதான் பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். அது போதாது. காதுக்குள் எலக்ட்ரோடு எங்கே உட்கார்ந்தது என்பது ஆபரேஷன் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு வருடக்கணக்கில் செய்யும் ஒவ்வொரு மேப்பிங்கும் அந்த இடத்துக்கு ஏற்பத்தான் நடக்க வேண்டும். அந்த விவரம் உங்கள் வீட்டு ஃபைலில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

எலக்ட்ரோடுன்னா என்னங்க? அது எங்க போய் உக்காருது?

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஒலியை வாங்கி, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில் வழியாகத் தோலுக்கு அடியில் இருக்கும் இம்ப்ளான்ட்டுக்கு அனுப்புகிறது. அந்த இம்ப்ளான்ட்டிலிருந்து புறப்படும் மெல்லிய சிலிக்கோன் இழைதான் எலக்ட்ரோடு. அதன் மேல் பிளாட்டினப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். பெற்றோர் இவற்றைப் 'பாயின்ட்' என்பார்கள். காக்ளியர் கம்பெனிக் கருவியில் 22 பாயின்ட், அட்வான்ஸ்டு பயானிக்ஸில் 16, மெட்-எல்லில் 12 தடங்கள்.

இழை போய்ச் சேருமிடம் உள்காதிலுள்ள நத்தைக்கூடு, அதாவது காக்ளியா. ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். பட்டாணி அளவு எலும்புக்குள் இத்தனையும் அடக்கம். ஓர் ஆர்மோனியத்தின் கட்டைகளைச் சுருட்டி வைத்ததுபோல இங்கே ஒலிகளுக்கு வரிசை உண்டு. வாசல் பக்கம் கீச்சு ஒலிகள், உள்ளே போகப் போகக் கனத்த ஒலிகள். வாசலில் 20,000 ஹெர்ட்ஸ், முதல் சுற்று முடியும் இடத்தில் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ், உச்சியில் 20 ஹெர்ட்ஸ். எந்தப் பாயின்ட் எந்த இடத்து நரம்பைத் தொடுகிறதோ, அந்த இடத்தின் சுருதியில்தான் மூளைக்குக் கேட்கும்.

இவ்வளவு சிறிய சுருளுக்குள் இழையை எப்படி முறியாமல் நுழைப்பது என்பதே ஆரம்ப காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. ஆஸ்திரேலிய டாக்டர் கிரேம் கிளார்க் 1977-ல் கடற்கரையில் ஒரு சங்குச்சிப்பிக்குள் புல்லிதழ்களைச் செருகிப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி துவளும்படியும் இருந்த புல் ஆழமாகப் போனது. அடுத்த ஆண்டு, 1978-ல், மெல்போர்னில் தன் முதல் இம்ப்ளான்ட் ஆபரேஷனைச் செய்தார். இன்றும் நல்ல எலக்ட்ரோடு அப்படித்தான் இருக்கிறது: அடி விறைப்பு, நுனி துவளல்.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல 'ஸ்கேலா டிம்பனி'ன்னு போட்டிருக்குதுங்க. அப்படின்னா?

அது நல்ல செய்தி. நத்தைக்கூட்டின் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள் இருக்கின்றன. கீழறைக்கு ஸ்கேலா டிம்பனி என்று பெயர், மேலறைக்கு ஸ்கேலா வெஸ்டிபுலி. இரண்டுக்கும் நடுவே, கேட்கும் செல்கள் அமர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு. எலக்ட்ரோடு ஆரம்பம் முதல் நுனி வரை கீழறையிலேயே இருக்க வேண்டும்.

சில சமயம் கீழறையில் நுழைந்த இழை வழியில் சவ்வைக் கிழித்துக்கொண்டு மேலறைக்கு ஏறிவிடும். இது பெரும்பாலும் முதல் சுற்றின் பாதி வழியில், அதாவது சுமார் 180 டிகிரியில் நடக்கிறது. உள்ளே நேராக ஓடிவந்த இழை வெளிச்சுவரில் மோதித் திரும்ப வேண்டிய இடம் அது. திரும்புவதற்குப் பதிலாக மேலே ஏறிவிடுகிறது. அப்படி ஏறினால் சவ்வும் அதைத் தாங்கும் எலும்புத் தட்டும் சேதமாகும், மிச்சமிருந்த இயற்கையான கேட்கும் திறன் போய்விடும், உள்ளே தழும்புத் திசு வளரும். மேலறையிலுள்ள பாயின்ட்டின் மின்சாரம் அடுத்த சுற்றின் நரம்பையும் தொட்டுவிடக்கூடும். அப்போது இரண்டு சுருதிகள் கலந்து கேட்கும். முழுக்கக் கீழறையில் இருப்பவர்களைவிட, மேலறைக்கு மாறிய எலக்ட்ரோடு உள்ளவர்களின் சொல் புரியும் திறன் சராசரியில் குறைவாக இருப்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலறைக்கு ஏறிய எலக்ட்ரோடிலும் இம்பீடன்ஸ் (பாயின்ட்டில் மின்சாரத்துக்கு உள்ள தடை) சாதாரணமாகவே காட்டும், நரம்பின் பதிலும் வரும். "டெஸ்ட் எல்லாம் நார்மல்" என்பதை வைத்து எந்த அறை என்று சொல்ல முடியாது.

ஓட்டை எங்க போடுவாங்க?

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குடைந்து, முக நரம்புக்கும் நாக்கின் ருசி நரம்புக்கும் இடையே உள்ள சின்னச் சந்து வழியாக நடுக்காதை அடைகிறார்கள். அங்கிருந்து காக்ளியாவுக்குள் நுழைய மூன்று வாசல்கள் உண்டு: இயற்கையாகவே இருக்கும் வட்டச் சாளரம், அதன் விளிம்பைச் சற்றுச் செதுக்கி அகலப்படுத்திய வாசல், அல்லது அருகில் எலும்பில் புதிதாகப் போடும் துளை. வட்டச் சாளரம் நேராகக் கீழறைக்குள்தான் திறக்கிறது. அதனால் அது கண்ணுக்குத் தெரியும் காதுகளில் அதுவே முதல் தேர்வு. புதுத்துளை கொஞ்சம் மேலே தள்ளிப் போய்விட்டால் ஆரம்பத்திலேயே மேலறைதான்.

நுழைக்கும் வேகமும் முக்கியம். அவசரப்பட்டால் உள்ளேயிருக்கும் திரவத்தில் அழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் செல்கள் சாகும். அதனால் இழையை மிக மெதுவாக, நிமிடக்கணக்கில் நேரம் எடுத்து இறக்குகிறார்கள், ஸ்டீராய்டு மருந்தும் சேர்க்கிறார்கள். தடை தட்டுப்பட்டால் தள்ளக் கூடாது. போர்வெல்லில் பைப் இறக்குபவர் கையில் தட்டுப்படும்போது எப்படி நிறுத்தி, தூக்கி, திருப்பி இறக்குவாரோ, அதே நிதானம்தான் இங்கேயும்.

வளைஞ்ச கம்பி நல்லதுங்களா, நேர்க் கம்பி நல்லதுங்களா?

வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மலையை ஒட்டி உள்பக்கமாகவே திரும்பும் வண்டிக்குத் தூரம் குறைவு, பள்ளத்துப் பக்கமாகத் திரும்புவதற்குத் தூரம் கூடுதல். ஆனால் இரண்டும் அதே வளைவுகளைத்தான் கடக்கின்றன. எலக்ட்ரோடும் அப்படித்தான்.

முன்வளைவு எலக்ட்ரோடு, அதாவது வளைத்தே செய்த கம்பி, நத்தைக்கூட்டின் நடுத்தண்டை அணைத்துக்கொண்டு உட்காரும். நரம்புச் செல்கள் இருப்பது நடுத்தண்டில்தான் என்பதால் குறைந்த மின்சாரம் போதும், ஒரு பாயின்ட்டின் மின்சாரம் பக்கத்துப் பாயின்ட்டின் எல்லைக்குள் பரவுவதும் குறையும். ஆனால் அறை மாறும் ஆபத்தும், சில மாடல்களில் நுனி மடியும் ஆபத்தும் கூடுதல். அது பெரும்பாலும் 360 முதல் 400 டிகிரி வரைதான் போகும்.

நேர் எலக்ட்ரோடு வெளிச்சுவரை ஒட்டிப் போகும். துவளும் தன்மை அதிகம் என்பதால் சவ்வுக்குச் சேதம் குறைவு. நீளமானதை எடுத்தால் இரண்டாம் சுற்றின் கனத்த ஒலிப் பகுதியையும் தொடலாம். மெட்-எல்லில் 20, 24, 28, 31.5 மில்லிமீட்டர் என்று பல நீளங்கள் உண்டு. குறை என்னவென்றால் நரம்பிலிருந்து தள்ளி உட்காருவதால் மின்சாரம் அதிகம் தேவைப்படும், பரவும். கொஞ்சம் பின்னால் நழுவி வெளியே வரும் வாய்ப்பும் இதற்குக் கூடுதல்.

ஆக, எந்தக் கம்பி என்பதைவிட அந்தக் கம்பி அந்தக் காதுக்குள் சரியாக உட்கார்ந்ததா என்பதே பெரிது என்பது எங்கள் கருத்து. அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது மாடலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பெற்றோருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை நினைத்துக் கலங்க வேண்டாம். மூன்று கம்பெனிக் கருவிகளிலும் நன்றாகப் பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

22-ல 18 தான் உள்ள போச்சுன்னு சொல்றாங்க. அவ்வளவும் வீணாங்க?

வீணில்லை. முதலில் எந்த நாலு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். இழை நுனி முன்னால் போவதால், நின்றுபோவது எப்போதும் வாசல் பக்கத்துப் பாயின்ட்டுகள்தான், அதாவது கீச்சு ஒலிப் பகுதி. அவற்றை மேப்பில் அணைத்துவிடுவார்கள். அணைத்ததும் மென்பொருள் முழு ஒலி வரிசையையும் மிச்சமிருக்கும் 18 பாயின்ட்டுக்குப் பங்கிட்டுவிடும். ஸ், ஷ் போன்ற ஒலிகள் காணாமல் போகாது, இன்னொரு பாயின்ட்டுக்கு இடம் மாறும்.

பேச்சுப் புரிய 22-ம் தனித்தனியாக வேலை செய்தாக வேண்டும் என்பதில்லை. அமைதியான இடத்தில் சுமார் 8 தெளிவான தடங்கள் இருந்தாலே பேச்சு நன்றாகப் புரியும் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அதனால் ஒழுங்காக உட்கார்ந்த 18, பாதி மடிந்தும் அறை மாறியும் கிடக்கும் 22-ஐ விட மேல்.

தவறு நடப்பது வேறு இடத்தில். வெளியே நிற்கும் பாயின்ட்டை அணைக்காமல் விட்டால் குழந்தைக்கு அங்கே ஒலி வராது. சில சமயம் நடுக்காதில் வலியோ குத்தலோதான் வரும். திசுவுக்குள் புதைந்து நிற்கும் பாயின்ட் இம்பீடன்ஸ் டெஸ்டில் சாதாரணமாகக் காட்டுவதால், மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்டின் கண்ணில் படாமல் போகலாம். எத்தனை பாயின்ட் உள்ளே என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதியிருந்தால் இந்தத் தவறு நடக்காது.

எண் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. காக்ளியர் கம்பெனியில் 1-ம் பாயின்ட் வாசலில், 22 உள்நுனியில். மெட்-எல்லிலும் அட்வான்ஸ்டு பயானிக்ஸிலும் தலைகீழ்: 1 உள்நுனியில். ஊர் மாறி, சென்டர் மாறிக் காட்டும்போது "1, 2 வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால் போதாது. கம்பெனி பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நுனி மடிஞ்சிருக்குதுன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சுது. என்ன பண்றதுங்க?

முன்வளைவு எலக்ட்ரோடை ஓர் உறைக்குள் நேராக்கி வைத்து நுழைக்கிறார்கள். உறை வேண்டிய அளவுக்கு உள்ளே போகாதபோது, அல்லது வளைவின் முகம் தவறிய பக்கம் திரும்பியிருக்கும்போது, நுனி சுவரில் இடித்துத் தன்மேலேயே மடிந்துகொள்ளும். ஊசியில் கோக்கும்போது நூல் நுனி மடிவதைப் போல. சர்ஜனின் கைக்கு இது பல சமயம் தெரியவே தெரியாது. எல்லாப் பாயின்ட்டும் உள்ளே போயிருக்கும், இம்பீடன்ஸ் நன்றாக இருக்கும், நரம்புப் பதிலும் வரும்.

மடிந்த இடத்தில் நுனிப் பாயின்ட்டுகள் நடுப் பாயின்ட்டுகளுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். கனத்த ஒலியை அனுப்பும் 22, கீச்சு ஒலிக்குரிய நரம்பைத் தூண்டும். சுருதி வரிசை அந்த இடத்தில் தலைகீழாகிறது. பெரியவர் என்றால் "ஒலி குழம்புது" என்று சொல்லிவிடுவார். பேசத் தெரியாத ஒன்றரை வயதுக் குழந்தை என்ன சொல்லும்?

மேசையிலேயே கண்டுபிடித்தால் தீர்வு எளிது: வெளியே இழுத்து, மறுபடி உறையில் ஏற்றி நுழைப்பார்கள். அதனால்தான் காதை மூடுமுன் எக்ஸ்ரே எடுங்கள் என்று சர்ஜன்கள் சொல்கிறார்கள். பாயின்ட்டுக்குப் பாயின்ட் மின்சாரம் எப்படிப் பரவுகிறது என்று அளக்கும் டெஸ்டும் மடிப்பைக் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் இரண்டு வழி: மடிந்த பகுதிப் பாயின்ட்டுகளை அணைத்துப் பார்ப்பது, அல்லது மறு ஆபரேஷன். மூன்று நாலு பாயின்ட் மட்டும் மடிந்திருந்தால் முதல் வழியிலேயே நல்ல பலன் கிடைக்கும். பாதி இழை மடிந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். நாள் ஆக ஆக உள்ளே தழும்பு இறுகும்.

எக்ஸ்ரே போதுங்களா, சிடி ஸ்கேன் வேணுங்களா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபரேஷன் அறையில் எடுக்கும் ஸ்டென்வர்ஸ் கோண எக்ஸ்ரே போதும். மடிப்பு, ஆழம், வெளியே நிற்கும் பாயின்ட் மூன்றும் அதில் தெரியும். அழகான ஒற்றைச் சுருள், நுனி திறந்த நிலையில்: அதுதான் வேண்டிய படம். எந்த அறை என்பது எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்குச் சிடி வேண்டும். கதிர்வீச்சு அதிகம் என்பதால் காரணமில்லாமல் குழந்தைக்குச் சிடி எடுக்க வேண்டாம். மேப்பிங் நன்றாகச் செய்தும் மாதக்கணக்கில் முன்னேற்றம் இல்லையென்றால் எடுக்கலாம்.

காது கேட்டு நின்னுபோன பெரியவருக்கு ஆபரேஷன் பண்ணோம். எல்லாருடைய பேச்சும் கீச்சுக் குரலா, பொம்மை பேசற மாதிரி கேக்குதுங்கறாரு.

இது எதிர்பார்த்ததே, இதற்கும் காரணம் எலக்ட்ரோடு உட்கார்ந்த இடம்தான். காக்ளியர் கருவி வழக்கமாக 188 முதல் 7938 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை 22 பாயின்ட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. உள்நுனிப் பாயின்ட்டுக்குப் போவது 250 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி. ஆனால் அந்தப் பாயின்ட் உட்கார்ந்திருப்பதோ முதல் சுற்று முடிவில், இயற்கையில் 800, 1000 ஹெர்ட்ஸ் கேட்கும் இடத்தில். ஆண்குரலின் கனம், அது பழகியதைவிட ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் ஏறிப்போய்க் கேட்கிறது. பழைய குரல்கள் நினைவிலிருக்கும் மூளை "இது தப்பு" என்கிறது.

பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் மூளை பழகிக்கொள்ளும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். தினமும் விழித்திருக்கும் நேரம் முழுக்க மெஷின் போட்டிருப்பவர்களுக்குச் சீக்கிரம் பழகும். கழற்றிக் கழற்றி வைப்பவர் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறார்.

மேப்பிங்கிலும் வழி உண்டு. சிடி படத்தில் ஒவ்வொரு பாயின்ட்டும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளந்து, அந்த இடத்துக்கு உரிய ஒலியையே அதற்குக் கொடுப்பது ஒரு முறை. உடற்கூறு சார்ந்த மேப்பிங் என்பார்கள். ஆழமாகப் போன நீள எலக்ட்ரோடுக்கு இது நன்றாகப் பொருந்தும். குறைவான ஆழத்தில் நிற்கும் எலக்ட்ரோடுக்கு அப்படியே செய்தால், கனத்த ஒலிகளை வெட்டி எறிய வேண்டிவரும். குரலின் கனம் போனால் பேச்சு இன்னும் மோசமாகும்; அங்கே பழக்கமே நல்லது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நினைவு இல்லை. அதனால் இந்தத் தொந்தரவும் இல்லை, எந்த இடத்தில் கேட்கிறதோ அதுவே அதற்கு அந்த ஒலி.

எந்தப் பாயின்ட் சரியில்லைன்னா எந்தச் சத்தம் கேக்காது? வீட்ல எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க?

லிங் ஆறு ஒலி டெஸ்டை தினமும் காலையில் மெஷின் மாட்டியதும் செய்யுங்கள். இரண்டு நிமிடம். குழந்தைக்குப் பக்கவாட்டில், வாய் தெரியாதபடி நின்று, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கேட்டதும் ஒரு பாசிமணியையோ புளியங்கொட்டையையோ கிண்ணத்தில் போடப் பழக்குங்கள். பெரிய பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். இடைவெளியை மாற்றி மாற்றி விடுங்கள், இல்லாவிட்டால் தாளத்துக்குப் போடும்.

ம், ஊ இரண்டும் உள்நுனிப் பாயின்ட்டுகளின் வேலை. ஆ நடுப்பகுதி. ஈ இரண்டு இடத்தில் வேலை வாங்கும்: கனத்த பாகம் உள்ளே, மெல்லிய பாகம் நடுவுக்கும் வாசலுக்கும் இடையே. அதனால் ஈ-யை ஊ என்று திருப்பிச் சொன்னால் அந்த மேல்பகுதி பலவீனமாக இருக்கிறதென்று அர்த்தம். ஷ் அதற்கும் வெளியே, ஸ் வாசல் ஓரம். சாமி என்பதை 'ஆமி' என்றும், சட்டியை 'அட்டி' என்றும் குழந்தை வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் வாசல் பக்கத்துப் பாயின்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எலக்ட்ரோடு வெளியே நழுவுவதன் முதல் அறிகுறி பல சமயம் ஸ் காணாமல் போவதுதான்.

ஆனால் முதலில் பேட்டரியையும் காயில் ஒயரையும் மாற்றிப் பாருங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும். ல, ள, ழ வேறுபாடு வரவில்லை என்று முதல் வருடத்திலேயே கவலைப்பட வேண்டாம். கேட்கும் திறன் நன்றாக உள்ள பிள்ளைகளுக்கே அது தாமதமாகத்தான் வரும்.

மெஷின் போட்டா கண்ணு துடிக்குது, வாய் ஓரம் இழுக்குதுங்க.

மெஷினைக் கழற்றிவிட்டு ஆடியாலஜிஸ்டுக்குப் போன் செய்யுங்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப் போடவும் கூடாது. முக நரம்பு காக்ளியாவின் முதல் சுற்றை உரசிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்த ஓரிரு பாயின்ட்டின் மின்சாரம் எலும்பைத் தாண்டி அந்த நரம்பைத் தொடுகிறது. வெளிச்சுவரை ஒட்டிய எலக்ட்ரோடிலும், ஓட்டோஸ்கிளீரோசிஸ் நோயால் எலும்பு இளகியவர்களிடமும் இது அதிகம். எந்தப் பாயின்ட் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அதன் அளவைக் குறைப்பது, மின்துடிப்பின் அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைப்பது, முடியாவிட்டால் அதை மட்டும் அணைப்பது என்று படிப்படியாகச் செய்வார்கள்.

போன வருசம் நல்லா கேட்டுச்சுங்க. இப்ப கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது.

சளி, காதில் சீழ், பழுதான கேபிள், பழைய மேப் இவற்றை முதலில் விலக்குங்கள். பிறகு இம்பீடன்ஸ் பட்டியலை முந்தையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த ஓரிரு வாரங்களில் அளவு ஏறுவதும், மெஷின் போடத் தொடங்கியபின் இறங்கி நிலைப்பதும் இயல்பு. நிலைத்துவிட்ட பிறகு வாசல் பக்கத்துப் பாயின்ட்டுகளில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறினால் எலக்ட்ரோடு வெளியே நழுவுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். காக்ளியர் கருவியில் 30 கிலோ ஓமைத் தாண்டினால் அந்தப் பாயின்ட்டில் மின்சுற்று அறுந்ததாக மென்பொருள் காட்டும். நழுவிய பாயின்ட் காற்றில் நின்றாலும் அப்படியே காட்டும். உடனே ஓர் எக்ஸ்ரே, ஆபரேஷனன்று எடுத்த எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை. அந்தப் பழைய படம் இல்லாத குடும்பங்கள் இங்கேதான் திண்டாடுகின்றன.

எல்லாப் பாயின்ட்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போனால் நழுவல் இல்லை, இம்ப்ளான்ட்டே பழுதாகியிருக்கலாம். குழந்தை தலையில் அடிபட்டதா என்று யோசித்துப் பாருங்கள்.

தலை வளர வளரக் கம்பி இழுத்துக்குமுங்களா?

இழுக்காது. காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்கிறது. வளர்வது காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு. அதற்காகவே அங்கே இழையைக் கொஞ்சம் தளர்வாகச் சுற்றி வைக்கிறார்கள்.

மூளைக்காய்ச்சல் வந்து காது கேக்காம போச்சுங்க. கொஞ்சம் தேறட்டும்னு காத்திருக்கலாங்களா?

இந்த ஒன்றில் மட்டும் காத்திருக்கவே கூடாது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியாவின் கீழறைக்குள், வாசலை ஒட்டி, புது எலும்பு வளரத் தொடங்குகிறது. சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கிலேயே. எலும்பு அடைத்துவிட்டால் எலக்ட்ரோடு போக வழியிருக்காது. குடைந்து பாதி நுழைப்பதோ, மேலறை வழியாகப் போவதோ, இரண்டாகப் பிரிந்த எலக்ட்ரோடை இரு துளைகளில் வைப்பதோதான் மிஞ்சும். பலன் குறையும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்கும் திறன் டெஸ்டும், எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு காதும் போயிருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

எல்லா இம்ப்ளான்ட் குழந்தைகளுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி ஆபரேஷனுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். எலக்ட்ரோடை நடுத்தண்டோடு நெருக்கி வைக்க ஒரு கம்பெனி சேர்த்துக்கொடுத்த சிலிக்கோன் ஆப்பால் மூளைக்காய்ச்சல் கூடுகிறதென்று தெரிந்து அது 2002-ல் திரும்பப் பெறப்பட்டது. இன்றைய எலக்ட்ரோடுகளில் அது இல்லை. ஆனாலும் தடுப்பூசி கட்டாயம்.

பிறவியிலேயே நத்தைக்கூடு சரியா உருவாகலைன்னு ஸ்கேன்ல வந்திருக்குதுங்க.

எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒன்றரைச் சுற்று மட்டும் உள்ள மாண்டினி வகையில் பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும். சில வகைகளில் வாசலைத் திறந்ததும் மூளைத் திரவம் பீறிட்டு வரும். அதைத் தசைத் துண்டால் இறுக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழையும் நழுவும், தொற்றும் வரும். சுற்றே இல்லாத ஒற்றை அறையில் நரம்பு சுவரில் இருப்பதால் வளைவு எலக்ட்ரோடு உதவாது. கேட்கும் நரம்பே இல்லை என்று எம்ஆர்ஐ காட்டினால் காக்ளியர் இம்ப்ளான்ட் பயன்படாது. மூளைத்தண்டில் வைக்கும் இம்ப்ளான்ட் பற்றிப் பேச வேண்டும்.

எலக்ட்ரோடு சரியாத்தான் இருக்குதுங்கறாங்க. ஆனா பேச்சு வரலையே?

இடம் ஒரு காரணம்தான். எந்த வயதில் ஆபரேஷன் நடந்தது, நரம்பின் நிலை, தினம் எத்தனை மணி நேரம் மெஷின் காதில் இருக்கிறது, ஸ்பீச் தெரபி தவறாமல் நடக்கிறதா: இவை எல்லாம் சேர்ந்துதான் பலன். மூளையின் கேட்கும் பகுதி மூன்றரை வயதுக்குள் ஒலியைப் பெற்றால் நன்றாக வளரும். அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் கடினம். மெஷின் நேரத்தை நீங்கள் யூகிக்க வேண்டாம், புது மெஷின்களில் மணிக்கணக்குப் பதிவாகிறது. ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே தறி ஓடும் பல்லடம், சோமனூர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. விசைத்தறிச் சத்தத்தில் 22 பாயின்ட்டும் இரைச்சலால் நிரம்பிவிடும். எவ்வளவு நன்றாக உட்கார்ந்த எலக்ட்ரோடுக்கும் அங்கே பேச்சைப் பிரித்தெடுக்க முடியாது. தறி நிற்கும் நேரத்தில், கதவைச் சாத்திய அறையில், குழந்தையின் காதருகே ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து தினம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். அந்த நேரத்தில் மின்விசிறியும் டிவியும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிய விட்டு வரும்போது என்னென்ன வாங்கிக்கணுங்க?

ஆபரேஷன் குறிப்பின் நகல். அதில் கருவியின் மாடல், சீரியல் நம்பர், எலக்ட்ரோடின் வகையும் நீளமும், எந்த வாசல் வழியாக நுழைத்தார்கள், எத்தனை பாயின்ட் உள்ளே போனது, தடை ஏதும் இருந்ததா என்பது இருக்க வேண்டும். மேசையில் எடுத்த இம்பீடன்ஸ், நரம்புப் பதில் அளவுகளின் பிரிண்ட். எக்ஸ்ரே படம், ரிப்போர்ட் மட்டும் அல்ல, படமே. ஃபிலிம் தராவிட்டால் செல்போனில் தெளிவாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் நாலு வாரம் கழித்து நடக்கும் சுவிட்ச் ஆனுக்கு (மெஷினை முதன்முதலாக இயக்குவதற்கு) இந்த ஃபைலைக் கொண்டுபோய், எந்தப் பாயின்ட்டை அணைத்தார்கள், ஏன் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்தடுத்த மேப்பிங்கிலும் அதே தாளில் தேதி போட்டுச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.